பெப்ரவரி 4: முன்பள்ளிப் பிள்ளைகளுக்கான கைவேலைகள்

இலங்கையின் சுதந்திர தினத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது பல முன்பள்ளிகளில் ஒரே மாதிரியான வேலைதான் தொடங்கும். சிங்கக்கொடியின் கோட்டுப்படத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்து, நிறம் தீட்டச் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளை சிங்கம், வாள், கரை எல்லாவற்றின் மேலும் ஒரே நிறத்தால் கிறுக்கி வைக்கும். பின்னேரம் ஆசிரியை இருந்து எல்லாவற்றையும் திருத்துவார். சுவரில் தொங்குவது முப்பது பிள்ளைகளின் வேலை அல்ல, ஒரு ஆசிரியையின் வேலை.

பிள்ளைகளில் குறை இல்லை. தேசியக்கொடி சின்னக் கைகளுக்கு மிகக் கடினமான வேலை. அதே நாளுக்குப் பொருந்துகிற வேறு இரண்டு வேலைகள் அவர்கள் கைக்கு நன்றாக வரும்: தேசிய மலரான நீலோற்பலமும் தேசியப் பறவையான காட்டுக்கோழியும். வடக்கே எங்கள் வன்னிப் பிள்ளைக்கு இரண்டும் புதிது அல்ல. குளத்தில் பூவைப் பார்த்திருக்கும், காட்டோர வீதியில் சேவல் குறுக்கே ஓடுவதையும் பார்த்திருக்கும். ஆகவே பூவையும் சேவலையும் முதலில் வைத்து, கொடியை ஐந்து வயதுக்காரருக்கு விடுவதே நல்லது. இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கில்தான் போகிறது.

இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். இந்த நாளைக் கொண்டாட்டமாக எடுக்கும் மனநிலை இங்கே எல்லா வீடுகளிலும் இல்லை. கொடி செய்ய விருப்பமில்லை என்று தாயோ தகப்பனோ சொன்னால் விவாதிக்க வேண்டாம். அந்தப் பிள்ளை பூச் செய்யட்டும். பூ மேசையில் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள்.

வயதும் கையும்

மூன்று வயதில் பிள்ளை கடதாசியைக் கிழிக்கும், உருட்டும், விரலால் பசை பூசி ஒட்டும், கையால் அச்சு வைக்கும். கத்தரிக்கோலைத் திறந்து மூடும், ஆனால் கோட்டில் போகாது. நான்கு வயதில் நேர்கோட்டில் வெட்டும், ஒரு மடிப்பு மடிக்கும். ஐந்தில் வளைகோடு வரும், அளவுக்கோட்டுக்குள் ஒட்டவும் முடியும். ஒரே வயதிலும் கைக்குக் கை வித்தியாசம் உண்டு. அதனால் வேலையை வயதுப்படி பிரித்தாலும் மேசைகளைப் பிரிக்காமல் விடலாம்.

கத்தரிக்கோல் நுனி மழுங்கியதாக இருக்கட்டும். பெருவிரல் மேலே பார்க்கப் பிடிப்பிக்க வேண்டும். வளைவு வெட்டும்போது கத்தரிக்கோல் திரும்பாது, மற்றக் கையில் இருக்கும் கடதாசிதான் திரும்ப வேண்டும். இதைக் காட்டிக் கொடுக்காவிட்டால் பிள்ளை முழங்கையைத் தூக்கித் தூக்கி வெட்டிக் களைத்துவிடும். இடக்கைப் பிள்ளை வெட்டும்போது கடதாசி வெட்டுப்படாமல் அலகுகளுக்கிடையில் மடிந்து சிக்கினால் அது பிள்ளையின் பிழை அல்ல. சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையால் அழுத்தும்போது அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகும். இடக்கைக் கத்தரிக்கோல் கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் கிழித்து ஒட்டும் வேலையைக் கொடுங்கள். கையை மாற்றச் சொல்லக் கூடாது.

வாங்க வேண்டியவை, வீட்டிலேயே உள்ளவை

இருபது பிள்ளைகளுக்குக் கணக்கிட்டால்: ஊதா ஏ4 தாள் 20, பச்சை 13, மஞ்சள் 15, மெரூன் 10, செம்மஞ்சள் 3, பிரிஸ்டல் போட் 2. இதில் ஆளுக்கொரு பூ, ஒரு இலை, ஒரு கொடி வரும், சிறிது மிஞ்சவும் செய்யும். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளைப் போஸ்டர் கலர் ஒவ்வொரு போத்தல். பைண்டர் கம் சின்னப் போத்தல் ஒன்று. மிச்சம் எல்லாம் வீட்டில் இருக்கும்: பழைய பத்திரிகை, ஈர்க்கு, கழுவிய யோகட் கப், பால்மாப் பெட்டி அட்டை, பழந்துணி.

கிரேப் தாள் மலிவாக, பளிச்சென்று இருக்கும் என்று வாங்கத் தோன்றும். சின்னப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். ஈரம் பட்டதும் சாயம் விடும். வியர்த்த கை, பசை, காலைப் பனி எது பட்டாலும் போதும், வெள்ளைச் சட்டையில் ஏறிய சாயம் லேசில் போகாது. பட்டம் கட்டும் ரிசு தாளும் மாப் பசைக்குத் தாங்காது, கரைந்து கிழியும்.

பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். கோதுமை மா ஒரு கப்பை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கவும். வேறு பாத்திரத்தில் மூன்று கப் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைசலை மெல்ல ஊற்றிக் கொண்டே துழாவவும். சின்ன நெருப்பில் நான்கைந்து நிமிடம் காய்ச்சினால் வெள்ளை நிறம் குறைந்து கண்ணாடிபோல் வரும். அதுதான் பதம். இறக்கும்போது ஒரு தேக்கரண்டி உப்பு. மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் மேல்மா வெந்து உள்ளே மா கட்டியாகவே நிற்கும், அதனால்தான் முதலில் பச்சைத் தண்ணீர். நமது வெயிலுக்கு இந்தப் பசை இரண்டு நாளுக்கு மேல் நிற்காது, புளித்து மணக்கும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கத் துருசு சேர்ப்பார்கள். துருசு நஞ்சு. பிள்ளைகள் விரல் வைக்கும் பசையில் அது ஒரு துளியும் சேரக் கூடாது.

பசையை ஆளுக்கொரு யோகட் கப்பில் அடியில் ஒரு விரல் உயரம் மட்டும் ஊற்றுங்கள். கப் நிறைய இருந்தால் கடதாசி நிறையப் பூசுவார்கள். கடதாசி ஈரத்தில் உப்பி, காயும்போது சமமில்லாமல் சுருங்குவதால்தான் வேலை முழுதும் அலை அலையாக நிற்கிறது. ஒட்டியதும் பத்திரிகைக்குள் வைத்து மேலே இரண்டு கொப்பிக்கட்டுப் பாரம் வைத்தால் நேராகும்.

நீலோற்பலம்

குளத்தில் பூக்கும் எல்லாவற்றையும் பிள்ளைகள் தாமரை என்பார்கள், பெரியவர்களும் கலைச் சோடிப்பில் அப்படியே செய்துவிடுவார்கள். தாமரை இலை முழு வட்டம், காம்பு இலையின் நடுவில் பொருந்தி இலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும். அல்லி இனத்தின் இலை தண்ணீரோடு படிந்து மிதக்கும், ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெடிப்பு இருக்கும். நீலோற்பலம் அல்லி இனம். இதழ் நீலம் கலந்த ஊதா, நுனி கூர், நடுவில் மஞ்சள் மகரந்தம். காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும். ஒரு பூவை வாளித் தண்ணீரில் வைத்துக் காட்டினால் விளக்கம் தேவையில்லை, ஆனால் காலையிலேயே காட்டுங்கள். பூவைப் பெரியவர்தான் பறித்துவர வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் முதலை உண்டு. பெப்ரவரியில் குளங்கள் நிறைந்து கிடக்கும். பூவுக்காகப் பிள்ளைகளை அலைகரைக்கு அனுப்பும் எண்ணமே வேண்டாம்.

ஒரு பூவுக்கு 14 இதழ். ஊதா ஏ4 தாளை 8 சென்ரிமீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளாக வெட்டினால் ஒரு தாளில் 18 துண்டு வரும். பிழைத்துப்போக நான்கு மிஞ்சும். அதாவது ஆளுக்கு ஒரு தாள். துண்டுகளை முதல் நாளே பெரியவர் வெட்டி வைக்கலாம். நான்கு தாளுக்கு மேல் அடுக்கி வெட்டினால் அடித்தாள் நழுவி அளவு மாறும்.

இதழ் வெட்டுவது நான்கு, ஐந்து வயதுக்கான வேலை. துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பைப் பிள்ளையின் மற்றக் கைப் பக்கம் வைத்து, திறந்த ஓரத்தில் அரை இலை வடிவில் வளைத்து வெட்ட வேண்டும். மடிப்புப் பக்கம் வெட்டினால் இதழ் இரண்டு துண்டாகக் கையில் விழும். எல்லா வகுப்பிலும் இது நடக்கும். மடிப்பின் மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, "கோடு போட்ட பக்கம் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டால் பாதி குறையும். மூன்று வயதுக்காரருக்கு இதழை வெட்டியே கொடுங்கள்.

ஊதாத் தாள் கடையில் முடிந்து போயிருந்தால் வெள்ளைத் தாளை நீலப் பஸ்டலாலும் அதன்மேல் இலேசாகச் சிவப்பாலும் தேய்க்கலாம். பஸ்டலை நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்க வைத்துத் தேய்த்தால் சீக்கிரம் நிரம்பும். வெட்ட முன்னரே தீட்ட வேண்டும். இதழின் அடியில் 1.5 சென்ரிமீற்றர் தீட்டாமல் விட வேண்டும். பஸ்டலில் மெழுகு இருப்பதால் அதன்மேல் பசை பிடிக்காது, ஒட்டிய இதழ் மறுநாள் காலை நிலத்தில் கிடக்கும்.

அடிக்கு பிரிஸ்டல் போட்டில் 6 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம். முதல் வரிசை எட்டு இதழ். அவற்றைச் சுற்றிவர வரிசையாக ஒட்டச் சொன்னால் ஒரு பக்கம் ஐந்தும் மறுபக்கம் இடைவெளியுமாக முடியும். முதலில் நான்கு திசைக்கு நான்கு ஒட்டி, பிறகு இடையில் நான்கு ஒட்டச் சொன்னால் பூ தானாகவே சமமாக வரும். அடியில் 1.5 சென்ரிமீற்றருக்கு மட்டும் பசை, மிச்ச இதழ் ஒட்டாமல் நிற்க வேண்டும். அடுத்த ஆறு இதழை அடியில் 1 சென்ரிமீற்றர் வெட்டிக் குட்டையாக்கி உள்வரிசையாக ஒட்டவும். அரை மணித்தியாலம் காயவிட்டு, இதழ் நுனியைப் பென்சிலில் சுற்றி விட்டால் மேல்நோக்கி வளையும். ஈரத்தோடு வளைத்தால் இதழ் வட்டத்திலிருந்து கழன்று வந்துவிடும்.

மகரந்தத்துக்கு 21 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் அகல மஞ்சள் கீலம். ஒரு ஓரத்தில் 2.5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நெருக்கமாக வெட்டிக் கொண்டு போக வேண்டும். சீப்புப்போல் இருக்கும், நான்கு வயதுக்கு மிகப் பிடித்த வேலை. சில பிள்ளைகள் உற்சாகத்தில் மறுகரை வரை வெட்டிவிடுவார்கள். எங்கே நிறுத்துவது என்று ஒரு தடித்த கோடு போட்டுக் கொடுங்கள். வெட்டியதை இறுக்கமாகச் சுருட்டி, அடியில் 1 சென்ரிமீற்றருக்கு நான்கு கீறல் கீறி விரித்து, பைண்டர் கம்மால் நடுவில் ஒட்டவும். இந்த ஒரு இடத்துக்கு மாப் பசை போதாது. சுருளின் பாரத்துக்கு அது காயும் முன்னரே சாய்ந்துவிடும்.

இலைக்குப் பச்சைத் தாளில் 14 சென்ரிமீற்றர் வட்டம், ஒரு ஏ4 தாளில் இரண்டு வரும். ஓரத்திலிருந்து நடுவரை ஒடுக்கமான ஒரு வெடிப்பு வெட்டி, வெடிப்பின் நுனியிலிருந்து நரம்புகள் விரிவதுபோல் பஸ்டலால் கோடு இழுத்துவிட்டால் முடிந்தது. பூவை வெடிப்புக்கு எதிர்ப்பக்கமாக ஒட்டுங்கள். நடுவில் ஒட்டினால் வெடிப்பு மறைந்து, மறுபடியும் தாமரை இலையாகிவிடும்.

காட்டுச் சேவல்: கை அச்சு

இது மூன்று வயதுக்காரரின் வேலை. பத்து நிமிடத்தில் முடியும், ஆனால் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் பூச, மற்றவர் உடனே கை கழுவ. ஆள் ஒருவர்தான் என்றால் அன்றைக்கு இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

வீட்டுச் சேவலுக்கும் இலங்கைக் காட்டுச் சேவலுக்கும் பார்த்தவுடன் தெரியும் வித்தியாசம் கொண்டையில் உள்ளது. காட்டுச் சேவலின் சிவந்த கொண்டைக்கு நடுவில் மஞ்சள் இருக்கும். உடல் செம்மஞ்சளும் சிவப்பும், சிறகும் வாலும் கருநீலம் கலந்த கறுப்பு. பெட்டை கபில நிறம், கொண்டை இல்லையென்றே சொல்லலாம்.

நிறத்தை நேரே போத்தலிலிருந்து பூச வேண்டாம், தண்ணீராக ஓடும். காய்ச்சிய மாப் பசை அரைக் கப்பில் ஒரு மேசைக்கரண்டி போஸ்டர் கலரைக் கலந்தால் தடிப்பாக நிற்கும், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் கையிலிருந்து லேசாகக் கழன்று போகும். செம்மஞ்சளுக்கு மஞ்சள் மூன்று பங்கு, சிவப்பு ஒரு பங்கு. மஞ்சளுக்குள் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். சிவப்புக்குள் மஞ்சளை விடத் தொடங்கினால் போத்தல் முழுதும் முடிந்த பிறகும் நிறம் சிவப்பாகவே நிற்கும். வாலுக்குக் கறுப்போடு சிறிது நீலம். எனாமல் பெயின்ற் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், அதைக் கழற்ற மண்ணெண்ணெய் தேவைப்படும். தோல் தடிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் முதலில் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்து, சற்று நேரம் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.

உள்ளங்கைக்கும் பெருவிரலுக்கும் செம்மஞ்சள், நான்கு விரலுக்கும் கறுப்பு. பூசியதும் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்கள் விரிந்திருக்க, நேர் மேலிருந்து தாளில் வையுங்கள். பிள்ளை தானாக அழுத்தினால் கை வழுக்கி அச்சு இழுபடும். ஆகவே உங்கள் விரலால் பிள்ளையின் ஒவ்வொரு விரலையும் மேலிருந்து ஒருமுறை அழுத்தி, பிறகு கையை நேரே மேலே தூக்க வேண்டும். உள்ளங்கைக் குழிவு அச்சில் வெள்ளையாக விழும். அதை நிரப்பப் போக வேண்டாம், சிறகு வரைய அதுவே இடம்.

பெருவிரல் அச்சுத்தான் கழுத்தும் தலையும். காய்ந்த பிறகு சுட்டுவிரலைச் சிவப்பில் தொட்டு தலைமேல் மூன்று பொட்டு, அது காய்ந்ததும் நடுவில் ஈர்க்கு நுனியால் ஒரு மஞ்சள் பொட்டு. சிவப்பு ஈரமாக இருக்கும்போது மஞ்சள் வைத்தால் கலந்து காணாமற் போய்விடும். கால் இரண்டும் பஸ்டலால். காலபோக அறுவடை நடக்கும் நேரம் என்பதால் காலடியில் ஒட்ட வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும். இரண்டு விரல்க்கடை நீளத் துண்டுகளாக நறுக்கி, தூசி போக உதறிக் கொடுங்கள். தூசியோடு கொடுத்தால் கையும் கழுத்தும் கடிக்கும்.

கொடி

ஐந்து வயதுக்காரருக்கு நிறம் தீட்டும் கொடியை விட ஒட்டும் கொடி நன்றாக வரும். துண்டுகளை அளவாக வெட்டிக் கொடுத்தால் கரை தானாகவே நேராக நிற்கும், பிள்ளையும் ஒழுங்கை விரலால் உணர்ந்து படிக்கும்.

தேசியக்கொடியின் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு. 20 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமுமாக மஞ்சள் தாளை வெட்டுங்கள், ஒரு ஏ4 தாளில் இரண்டு வரும். இந்த மஞ்சள்தான் கரையாக நிற்கப் போகிறது. அதன்மேல் ஒட்ட, 9 சென்ரிமீற்றர் உயரத்தில் மூன்று துண்டு: பச்சை 2 சென்ரிமீற்றர் அகலம், செம்மஞ்சள் 2, மெரூன் 14.5. கம்பத்தோரமிருந்து அரைச் சென்ரிமீற்றர் மஞ்சள் விட்டு பச்சை, அதை ஒட்டியபடி செம்மஞ்சள், பிறகு அரைச் சென்ரிமீற்றர் மஞ்சள் விட்டு மெரூன். கடைசியில் மறுபடி அரைச் சென்ரிமீற்றர் மிஞ்சும். பச்சை முஸ்லிம்களையும் செம்மஞ்சள் தமிழரையும் குறிக்கின்றன. இது கைக்கொடிக்கான எளிய அளவு, அரச வைபவத்துக்கு ஏற்றும் கொடிக்கு உரிய அளவு அல்ல.

மஞ்சள் தாளில் மெல்லிய பென்சில் கோடு போட்டுக் கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளை ஒட்டிவிடும். வழக்கமாக நடக்கும் பிழைகள் மூன்று. பச்சையும் செம்மஞ்சளும் இடம் மாறும். சிங்கம் கம்பைப் பார்க்காமல் மற்றப் பக்கம் பார்க்கும். கம்பு தவறான ஓரத்தில் ஒட்டப்படும். மூன்றுக்கும் ஒரே விதி போதும்: கம்புக்குப் பக்கத்தில் பச்சை, சிங்கம் கம்பைப் பார்க்கும், வாளும் அந்தப் பக்கத்து முன்காலில் இருக்கும். அதனால் கம்பை முதலில் ஒட்டிவிட்டு நிறத் துண்டுகளை ஒட்டத் தொடங்குங்கள். கடைசியில் கம்பு ஒட்டும் வகுப்பில்தான் பிழை கூடுதலாக வரும்.

இரண்டு பக்கமும் கொடி வேண்டுமென்றால் பின்பக்கத்தில் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் மாறும். பின்னாலிருந்து பார்க்கும்போது கம்பு வலப்பக்கம் இருக்கும், பச்சையும் வலப்பக்கம், சிங்கமும் வலப்பக்கம் பார்க்கும். ஒரே படத்தை இரண்டு கொப்பி எடுத்து முதுகோடு முதுகு ஒட்டினால் ஒரு பக்கச் சிங்கம் கம்புக்கு முதுகு காட்டி நிற்கும்.

சிங்கத்தைப் பிள்ளை வரைய வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரியவர் அச்சுத்தகடு வெட்டிக் கொடுத்தால் பிள்ளை ஒற்றி எடுக்கலாம். பழைய எக்ஸ்ரே படம் இதற்கு மிக நல்லது, ஈரம் ஏறாது, துடைத்து மறுபடி பாவிக்கலாம். பாடநூலிலுள்ள கொடிப்படத்தை அளவாகக் கொப்பி எடுத்து, எக்ஸ்ரே படத்தின்மேல் ஒட்டி, உருவத்தைக் கூரான பிளேட்டால் வெட்டி எடுங்கள். இது பெரியவரின் வேலை, பிள்ளைகள் வீடு போன பிறகு செய்ய வேண்டியது. வாள் மெலிவாக இருந்தால் நிறம் அடைத்துக்கொள்ளும், சற்றுத் தடிப்பாகவே வெட்டுங்கள். மெரூன்மேல் மஞ்சள் போஸ்டர் கலர் ஒரு பூச்சில் எடுபடாது. மஞ்சளோடு சிறிது வெள்ளை கலந்து, ஸ்பொஞ்சில் தொட்டு, முதலில் பத்திரிகையில் இரண்டு முறை ஒற்றி ஈரம் குறைத்து, பிறகு தகட்டின்மேல் குத்திக் குத்தி ஒற்ற வேண்டும். தேய்த்தால் நிறம் தகட்டுக்கு அடியில் ஓடிச் சிங்கத்துக்கு ஆறு கால் முளைக்கும். காய்ந்த பின் இன்னொரு ஒற்று. பின்பக்கத்துக்குத் தகட்டைத் துடைத்துக் கவிழ்த்துப் போட்டால் சிங்கம் தானாகவே மறுபக்கம் பார்க்கும்.

மெரூன் துண்டின் நான்கு மூலையிலும் அரசிலை. 1.5 சென்ரிமீற்றர் மஞ்சள் சதுரத்தை இரண்டாக மடித்து, நுனி நீண்ட அரை இதயமாக வெட்டினால் விரிக்கும்போது இலை. எப்படிச் சாய்த்து ஒட்டுவது என்பதைப் பாடநூல் படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். இப்போதுள்ள கொடி 1972இல் வந்த வடிவம். பழைய படங்களில் மூலையில் வேறு உருவம் இருந்தால் குழம்ப வேண்டாம்.

கம்புக்கு ஈர்க்கைத் தனியே பாவிக்க வேண்டாம். ஓட்டத்தில் விழும் பிள்ளையின் கண்ணுக்கு அது ஆபத்து. பத்திரிகைத் தாள் பாதியை ஒரு மூலையிலிருந்து ஈர்க்கின்மேல் சாய்வாக இறுக்கிச் சுருட்டி, கடைசி மூலையைப் பசையால் ஒட்டி, ஈர்க்கை உருவி எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் விறைப்பான, நுனி குத்தாத கம்பு கிடைக்கும். இரண்டு நுனியையும் சமமாக நறுக்கி, மேலே 10 சென்ரிமீற்றரில் கொடியின் கரையைச் சுற்றி ஒட்டலாம். அதற்காக மஞ்சள் தாளைக் கம்பத்தோரம் மட்டும் 1.5 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்ட வேண்டும். அதாவது கம்பு சுற்றும் கொடிக்குத் தாள் 21.5 சென்ரிமீற்றர். ஏ4 தாளின் அகலம் 21தான் என்பதால் நீளப் பக்கமாக வெட்ட நேரும். அப்போதும் தாளுக்கு இரண்டு கொடி வரும். வெட்ட முன்னர் இதை முடிவு செய்யாவிட்டால் கம்பு சுற்ற இடமில்லாமல் பச்சைத் துண்டு மறைந்துபோகும்.

அரசிலை அச்சும் ஓலைப் பின்னலும்

மீதி நேரத்துக்கு இரண்டு சின்ன வேலை. பிள்ளையார் கோயிலடி அரசமரத்தில் முற்றிய இலை எடுத்து, நரம்பு புடைத்துத் தெரியும் அடிப்பக்கத்தில் மெல்லியதாக நிறம் பூசி, தாளில் கவிழ்த்து, மேலே பத்திரிகை வைத்துத் தேய்த்தால் நரம்புகளோடு அச்சு விழும். வழவழப்பான மேற்பக்கத்தில் பூசினால் வெறும் நிறத் தடயந்தான் வரும். இலையைப் பெரியவர் கொண்டுவந்து கொடுங்கள். பிள்ளைகளைப் பற்றைக்குள் இலை பொறுக்க அனுப்புவது பாம்புக்காக மட்டும் கூடாது என்பதல்ல. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உள்ளன.

பின்னலுக்கு, 20க்கு 15 சென்ரிமீற்றர் தடித்தாளை அகலவாக்கில் மடித்து, மடிப்பிலிருந்து 2 சென்ரிமீற்றருக்கு ஒரு கீறல், ஓரத்தில் 2 சென்ரிமீற்றர் விட்டு நிறுத்தவும். விரித்தால் பின்ன வழி கிடைக்கும். குறுக்கே கோர்க்கக் கடதாசிக் கீலத்தை விடப் பனையோலைக் கீலம் சுலபம். வளையாமல் நேரே போகும், அதனால் நான்கு வயது விரலும் மேலே, கீழே என்று கோர்த்துவிடும். சார்வோலையில் ஈர்க்கை நீக்கி, 1.5 சென்ரிமீற்றர் அகலத்தில் வார்ந்து, நிழலில் உலர்த்தி, வேலைக்கு முன் ஈரத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். காய்ந்தபடி பின்னினால் வெடிக்கும். ஓலை விளிம்பு கத்திபோல் கீறும் என்பதால் ஒவ்வொரு கீலத்தின் ஓரத்தையும் பழந்துணியால் ஒருமுறை உருவி விடுங்கள்.

வளையத் தோரணம் யாருக்கும் தெரிந்தது, கணக்கு மட்டும் சொல்லலாம். ஏ4 தாளை அகலவாக்கில் 3 சென்ரிமீற்றர் கீலங்களாக வெட்டினால் 9 வரும். 2 சென்ரிமீற்றர் மேலேறி ஒட்டினால் வளையத்தின் விட்டம் ஆறு சென்ரிமீற்றரளவு. இரண்டு தாளுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் தோரணம். வாசலின் அகலத்தை அளந்து, தொய்வுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள்.

தொங்கவிடுவதும் எடுப்பதும்

பெப்ரவரி விடியலில் பனி நன்றாக இறங்கும். முதல் நாள் பின்னேரம் வெளியில் கட்டிய கடதாசித் தோரணம் காலையில் தொய்ந்து, மாப் பசை இளகி, வளையம் வளையமாகப் பிரிந்து நிற்கும். வெளியில் கட்டுபவற்றைக் காலையில் கட்டுங்கள், ஒட்டும் இடங்களுக்குப் பைண்டர் கம் பாவியுங்கள். பெரிய அட்டைகளில் காற்றுப் போக இரண்டு மூன்று துளை இட்டால் கிழியாது. மாப் பசை ஒட்டிய வேலைகளை இரவில் நிலத்தில் விட்டால் எலியும் கரப்பானும் வரும், கயிற்றில் தொங்கவிடுங்கள்.

வைபவம் முடிந்ததும் கைக்கொடிகளை வாசலிலேயே ஒரு பெட்டியில் சேர்த்து எடுங்கள். வீதியில் விழுந்து மிதிபடுவது பிள்ளைக்கும் சங்கடம், பார்ப்பவருக்கும் சங்கடம். கொண்டுபோக விரும்பும் பிள்ளைக்குச் சுருட்டாமல் பத்திரிகைக்குள் வைத்துக் கொடுக்கலாம். எக்ஸ்ரே தகட்டைக் கழுவி, சிங்கம் எந்தப் பக்கம் பார்த்தால் முன்பக்கம் என்று மூலையில் குறித்து, கொப்பிக்குள் தட்டையாக வைத்தால் அடுத்த வருடத்துக்கும் உதவும். ஊதா, பச்சைத் தாள் வெட்டுத் துண்டுகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். கிழித்து ஒட்டும் வேலைக்கு மூன்று வயதுக்காரருக்கு அதுவே தாராளம்.